பிள்ளையை ஏற்றுக்கொள்ளுதல்: அன்றும் இன்றும்

(மருத்துவமனை ஆதரவாளர்களின் ஆண்டுக் கூடுகையில் மருத்துவமனை குருவானவர் ஆற்றிய உரை)



உங்கள் ஜெபத்தாலும் காணிக்கையாலும் இந்த ஆண்டும் ஆஸ்பத்திரிப் பணி தடையின்றி நடந்திருக்கிறது. அதற்காக ஆண்டவரைத் துதிக்கிறோம். அறுவை சிகிச்சைகளைப் பற்றியும் கட்டட வேலையைப் பற்றியும் கண்காணிப்பாளர் அம்மா சொல்லிவிட்டார்கள். பிரசவ வார்டோடு சேர்ந்த ஒரு காரியத்தை மட்டும் உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். அது பிள்ளைகளைத் தத்தெடுப்பது பற்றியது.

எங்கள் அறைக் கதவைத் தட்டி வருகிறவர்களில், மாதத்திற்கு ஒரு தம்பதியாவது இந்த வேண்டுதலோடு வருகிறார்கள். கல்யாணமாகிப் பத்து, பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். எல்லா வைத்தியமும் பார்த்திருப்பார்கள். தயங்கித் தயங்கி அந்த அம்மாள்தான் பேசுவார்கள். "ஐயா, யாராவது வேண்டாம்னு விட்டுட்டுப் போற பிள்ளை இருந்தா எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. கண்ணுக்குள்ள வச்சு வளப்போம்." அவர்கள் கண்ணீர் உண்மையானது. ஆனாலும் இன்று நாங்கள் சொல்லும் பதில், முப்பத்தைந்து வருஷத்திற்கு முன் சொன்ன பதில் அல்ல. ஏன் மாறியது என்பதை ஒரு நிகழ்ச்சியோடு சொல்லுகிறோம்.

சென்ற ஆண்டு ஒரு சகோதரி தன் கணவரோடு வந்தார்கள். நன்றாகப் படித்து ஒரு வேலையில் இருக்கிறவர்கள். வளர்த்த தாயார் மரிக்கும் தறுவாயில், "நீ இந்த ஆஸ்பத்திரியிலிருந்துதான் எங்களுக்குக் கிடைத்தாய்" என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அந்தச் சகோதரிக்கு எதுவும் தெரியாது. பிறந்த வருஷம் 1989. பழைய பிரசவப் பதிவேட்டைப் பார்க்க முடியுமா என்று கேட்டார்கள்.

கிடங்கிலிருந்து அந்தப் பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தோம். தேதி இருந்தது. பெண் குழந்தை, எடை 2.1 கிலோ என்று இருந்தது. தாயின் பெயருக்கு நேரே ஒரு கோடு. ஊர்ப் பெயர் எழுதி அடிக்கப்பட்டிருந்தது. கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு சொல்: "ஒப்படைக்கப்பட்டது." யார் ஒப்படைத்தார்கள், யாரிடம், எந்தச் சட்டத்தின்கீழ் என்று ஒன்றுமில்லை. எந்த அதிகாரியின் கையொப்பமும் இல்லை.

பிரியமானவர்களே, அது வேறு யாரோ செய்த தவறு என்று சொல்லி விலகிக்கொள்ள எங்களுக்கு வழியில்லை. அந்த நாட்களில் குழந்தையைத் துண்டில் சுற்றிப் புதுத் தகப்பன் தாயின் கையில் கொடுக்கும்போது ஜெபித்தவர்கள் நாங்கள். அது நற்கிரியை என்றே நம்பினோம். ஒரு சிசு பிழைத்தது, ஒரு மலடியின் நிந்தை நீங்கியது என்று மகிழ்ந்தோம். சில தம்பதிகளுக்கு நாங்களே யோசனையும் சொன்னோம்: "ஊரில் ஒன்றும் சொல்லவேண்டாம், கொஞ்சநாள் வெளியூரில் இருந்துவிட்டு வாருங்கள்." வயிற்றில் துணி வைத்துக் கட்டி மாதக்கணக்கில் கர்ப்பவதிபோல நடமாடிய சகோதரிகளும் உண்டு.

அக்காலத்தில் வேறு வழி இருந்ததா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆகவே பழைய நிலையைச் சற்று விளக்கவேண்டும்.

நம் நாட்டில் சுவீகாரம் என்பது மிகப் பழைய வழக்கம். ஆனால் அதன் நோக்கம் பெரும்பாலும் வீட்டுக்கு ஒரு வாரிசு, கொள்ளி வைக்க ஒரு மகன் என்பதாக இருந்தது. அண்ணன் மகனையோ தம்பி மகனையோ எடுத்துக்கொள்வார்கள். பெண் பிள்ளையை முறைப்படி சுவீகாரம் எடுப்பது அபூர்வம். 1956-இல் வந்த இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் அதை மாற்றியது. பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம், விதவையும் மணமாகாத பெண்ணும் தத்தெடுக்கலாம் என்று அது வழி திறந்தது.

ஆனால் அந்தச் சட்டம் கிறிஸ்தவர்களுக்கோ, இஸ்லாமியருக்கோ, பார்சிகளுக்கோ பொருந்தாது. நமக்கு இருந்தது 1890-ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டம் ஒன்றுதான். அதன்படி நாம் நீதிமன்றத்திற்குப் போய் ஒரு பிள்ளைக்குக் "கார்டியன்" ஆகலாம்; தகப்பனும் தாயும் ஆகமுடியாது. பிள்ளை மேஜரானதும் அந்த உறவு சட்டப்படி முடிந்துவிடும். உயில் எழுதிவைத்தால் ஒழிய, பிள்ளைக்குச் சொத்தில் பங்கு கேட்க உரிமையில்லை. எல்லோருக்கும் பொதுவாக ஒரு தத்துச் சட்டம் வேண்டும் என்று 1972-இலும் 1980-இலும் பாராளுமன்றத்தில் மசோதாக்கள் வந்தன. இரண்டும் நிறைவேறவில்லை.

இதன் பலனை நாங்கள் கண்ணாரக் கண்டோம். எங்களுக்குத் தெரிந்த ஒரு ஆசிரியர் குடும்பம். ஒரு பெண் பிள்ளையை எடுத்து, ஞானஸ்நானம் கொடுத்து, படிக்கவைத்து, ஆலயத்தில் விவாகமும் செய்துவைத்தார்கள். ஆசிரியர் உயில் எழுதாமல் திடீரென்று மரித்துப்போனார். அடக்க ஆராதனை முடிந்து மூன்றாம் நாள் அவர் தம்பி பிள்ளைகள் வந்து, "வீடு எங்களைச் சேர்ந்தது, நீ யார்?" என்று அந்த மகளைக் கேட்டார்கள். கேட்டவர்களும் சபையார்தான்.

இந்த இடத்தில் ஒரு காரியத்தை எண்ணிப்பாருங்கள். பவுல் அப்போஸ்தலன் நம்முடைய இரட்சிப்பைச் சொல்ல எடுத்துக்கொண்ட சொற்களில் ஒன்று புத்திர சுவிகாரம். ரோமருடைய சட்டத்தில் தத்தெடுப்பது அதிகாரியின் முன்னிலையில் வெளிப்படையாக நடந்த காரியம். எடுக்கப்பட்டவன் அந்தக் குடும்பத்தின் பெயரையும் முழு வாரிசுரிமையையும் பெற்றான். அந்தச் சொல்லை நாங்கள் பிரசங்க பீடத்திலிருந்து எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். அதே வேளையில் பிரசவ வார்டின் பின்வாசலில், உரிமையும் சாட்சியும் பதிவும் இல்லாமல் பிள்ளைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இதற்கு முந்திய நம் மிஷனெரி முன்னோர் இந்தப் பாரத்தை வேறு விதமாகச் சுமந்தார்கள். 1901 முதல் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார், கோயில்களுக்கு விடப்பட இருந்த பெண் குழந்தைகளைச் சேர்த்து வளர்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் அவரை "அம்மா" என்றே அழைத்தார்கள். சட்டம் ஒன்றும் துணைநிற்காத காலத்தில் அது பெரிய அடைக்கலம். மிஷன் விடுதிகளும் அநாதைச் சாலைகளும் பஞ்ச காலங்களில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியதை நாம் மறக்கமுடியாது. ஆனாலும் ஒரு பிள்ளைக்கு விடுதியைவிடத் தனக்கென்று ஒரு குடும்பம் மேல் என்பதை உலகம் பிற்பாடு கற்றுக்கொண்டது.

மாற்றம் எப்படி வந்தது? இந்தியக் குழந்தைகள் பலர் வெளிநாட்டுத் தம்பதிகளுக்குக் கொடுக்கப்பட்டு வந்தார்கள். அதில் முறைகேடுகள் நடக்கின்றன என்று லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்சநீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்காக ஏற்கப்பட்டது. 1984-இல் நீதிபதி பகவதி அவர்கள் தந்த தீர்ப்பு, பிள்ளைக்கு முதலில் நம் நாட்டிலேயே ஒரு வீடு தேடவேண்டும், அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களே இதைச் செய்யவேண்டும், வருகிற பெற்றோரை முன்கூட்டியே விசாரித்து அறியவேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. அதன் தொடர்ச்சியாக 1990-இல் மத்திய தத்தெடுப்பு ஆதார மையம் ஏற்பட்டது. "காரா" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

நம் தமிழ்நாட்டில் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கியது. சேலம், உசிலம்பட்டிப் பக்கங்களில் பெண் சிசுக்களைக் கொல்லும் கொடுமை நாட்டையே உலுக்கிய நேரம் அது. கொல்லவேண்டாம், தொட்டிலில் போட்டுவிடுங்கள், அரசு வளர்க்கும் என்றார்கள். பெண் பிள்ளையைக் கைவிடுவதற்கு இது வசதியாகிவிடாதா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியிலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்தத் தொட்டில்களில் கிடந்த பிள்ளைகள் பலர் தத்துப் பிள்ளைகளாக வீடுகளுக்குப் போனார்கள் என்பதும் உண்மை.

2000-இல் வந்த இளைஞர் நீதிச் சட்டமும், 2006-இல் அதில் செய்யப்பட்ட திருத்தமும்தான் நமக்குக் கதவைத் திறந்தன. மதம் எதுவானாலும் இந்தச் சட்டத்தின்கீழ் எவரும் தத்தெடுக்கலாம் என்று 2014-இல் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஷப்னம் ஹாஷ்மி என்ற இஸ்லாமியச் சகோதரி தொடுத்த வழக்கு அது. இன்று நடைமுறையில் இருப்பது 2015-ஆம் வருஷத்துச் சட்டம். இதன்படி தத்தெடுக்கப்பட்ட பிள்ளை எல்லா வகையிலும் சொந்தப் பிள்ளையே. 2022 செப்டம்பர் முதல், தத்து ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். அந்த ஆசிரியருடைய மகள் இந்தக் காலத்தில் முறையாகத் தத்தெடுக்கப்பட்டிருந்தால், "நீ யார்?" என்று ஒருவரும் கேட்டிருக்க முடியாது.

ஆகவே எங்களிடம் வரும் தம்பதிக்கு இன்று என்ன சொல்லுகிறோம்? "அம்மா, பிள்ளை கொடுக்கிற அதிகாரம் எங்களுக்கு இல்லை. எந்த ஆஸ்பத்திரிக்கும், நர்ஸுக்கும், போதகருக்கும் இல்லை. யாராவது கொடுக்கிறேன் என்று பணம் கேட்டால் ஓடிவந்துவிடுங்கள்." பிள்ளையை விற்பதும் வாங்குவதும் ஐந்து ஆண்டு கடுங்காவல் வரை தண்டனைக்குரிய குற்றம். ஆஸ்பத்திரி ஊழியரே அதைச் செய்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. பணம் கைமாறாவிட்டாலும் முறை தவறிய தத்தெடுப்பு குற்றமே.

பிறகு அவர்களை உட்காரவைத்து, காராவின் இணையதளத்தில் பதிவுசெய்ய உதவுகிறோம். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதுவார். வயதுக் கணக்கு உண்டு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமானால் கணவன் மனைவி இருவர் வயதும் சேர்ந்து 85-ஐத் தாண்டக்கூடாது. பிள்ளை பெரியதானால் இந்த வரம்பும் உயரும். பிறகு காத்திருக்கவேண்டும். நாடு முழுவதும் 30,000-க்கும் மேற்பட்டோர் காத்திருக்கிறார்கள். ஆண்டுக்குத் தத்துப் போகும் பிள்ளைகளோ 4,000 அளவில்தான். சிறு குழந்தைக்குக் குறைந்தது மூன்று வருஷம் ஆகிறது. சிலர் இதைக் கேட்டு மனம் சோர்ந்து எழுந்து போய்விடுகிறார்கள். "அந்தக் காலத்தில் எவ்வளவு லேசாக இருந்தது, ஐயா" என்று எங்களிடமே சொன்னவர்களும் உண்டு. லேசாகத்தான் இருந்தது. அந்தப் பதிவேட்டில் இருந்த கோடு அந்த லேசின் விலை.

ஒரு சந்தோஷமான மாற்றத்தையும் சொல்லவேண்டும். ஒரு காலத்தில் மகன்தான் வேண்டும் என்றார்கள். இன்று நம் நாட்டில் தத்தெடுக்கப்படுவோரில் ஆண்டுதோறும் பெண் பிள்ளைகளே அதிகம். ஆனால் ஐந்து வயதைத் தாண்டியவர்களும், ஊனமோ நோயோ உள்ளவர்களும் இல்லங்களிலேயே நின்றுவிடுகிறார்கள். ஒருபக்கம் நீண்ட வரிசை, மறுபக்கம் யாரும் கேட்காத பிள்ளைகள். அதரம் பிளந்த பிள்ளைக்கும் இருதயத்தில் சிறு துவாரம் உள்ள பிள்ளைக்கும் சிகிச்சை உண்டு என்பது ஆஸ்பத்திரியில் இருக்கிற எங்களுக்குத் தெரியும். ஆகவே தம்பதிகளோடு பேசும்போது இந்தப் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லுகிறோம். யாரையும் வற்புறுத்துவதில்லை. இரண்டு தம்பதிகள் மனமுவந்து ஏற்றுக்கொண்டார்கள்.

இனி, எங்கள் மனதை அதிகமாய் வாதிக்கும் காரியத்தைச் சொல்லுகிறோம். அந்த நாட்களில் பிள்ளைக்காக ஜெபித்தோம், வாங்கிப்போன தம்பதிக்காக ஜெபித்தோம். பெற்றவளுக்காக ஜெபிக்கவில்லை. அவள் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வாசல்வழி போய்விடுவாள். பிள்ளையைக் கொடுத்த பிறகு ஒரு பெண்ணுக்குப் பால் கட்டிக்கொண்டு, இராமுழுதும் முனகிக்கொண்டிருந்ததாக ஒரு சிஸ்டர் எங்களிடம் சொன்னார்கள். அதைக் கேட்டும் நாங்கள் அவளைப் போய்ப் பார்க்கவில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவமானப்பட்டவளோடு பேசுவது நமக்கும் அவமானம் என்ற எண்ணமும் உள்ளே இருந்திருக்கும். ஆண்டவர் எங்களை மன்னிப்பாராக.

இன்று ஒரு தாய், "என்னால் இந்தப் பிள்ளையை வளர்க்க முடியாது" என்று சொன்னால், முதலில் ஆலோசகர் சகோதரி அவளோடு உட்காருகிறார். காரணம் வறுமையா, வீட்டாருடைய பயமுறுத்தலா, யாரும் துணையில்லாத திகிலா என்று கேட்கிறோம். சிறு உதவி கிடைத்தாலே பிள்ளையைத் தானே வைத்துக்கொண்ட தாய்மார் உண்டு. அது முடியாதபோது மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்கிறோம். அவர்கள் முன்னிலையில் அவள் ஒப்புக்கொடுத்தாலும், மனம் மாற 60 நாள் அவகாசம் சட்டம் தருகிறது. அதன் பிறகே பிள்ளை தத்துக்கு உரியதாகும். வாசலில் விடப்பட்ட குழந்தையானால் 24 மணி நேரத்திற்குள் தகவல் கொடுக்கவேண்டும். 1098 என்ற எண் அதற்கென்றே இருக்கிறது. அந்தத் தாய் வீட்டுக்குப் போன பின்னும் ஆறு வாரத்துப் பரிசோதனைக்கு அவளைக் கூப்பிடுகிறோம். சிலர் வருகிறார்கள். சிலர் வருவதில்லை.

தத்தெடுத்த குடும்பத்துக்கும் ஆதரவு இப்போது உண்டு. இரண்டு வருஷம் ஆறு மாதத்திற்கு ஒருமுறை பார்த்து அறிக்கை தருகிறார்கள். 2017-இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டு, மூன்று மாதத்துக்குட்பட்ட சிசுவைத் தத்தெடுத்த தாய்க்கும் 12 வார விடுப்பு கிடைத்தது. எல்லாவற்றிலும் பெரிய மாற்றம், மறைக்காதே என்ற ஆலோசனை. மூன்று, நான்கு வயதிலேயே கதைபோலச் சொல்லத் தொடங்குங்கள் என்கிறோம். மோசேயின் கதையும் எஸ்தரின் கதையும் நம் ஓய்வுநாள் பள்ளியில் இருக்கிறதே! பதினெட்டு வயதானதும் தன் வேரைத் தேட விரும்பினால், முறைப்படி விண்ணப்பிக்கவும் இன்று வழி உண்டு. பெற்ற தாயின் சம்மதத்தையும் இரகசியத்தையும் காத்தே அது செய்யப்படுகிறது.

சபையாருக்கும் ஒரு வார்த்தை. தத்துப் பிள்ளையை ஆலயத்தில் பார்க்கும்போது, "யார் பெத்த பிள்ளையோ, பாவம்" என்று சொல்லாதீர்கள். வளர்க்கிறவர்களிடம் "பெரிய தர்மம் செய்தீர்கள்" என்றும் சொல்லவேண்டாம். பிள்ளை வளர்ப்பது தர்மம் அல்ல. குழந்தை இரவெல்லாம் அழுதால் ஒரு வேளை சோறு சமைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். சுகப்பிரசவமான வீட்டுக்குச் செய்கிற அதே உபகாரத்தை அந்த வீட்டுக்கும் செய்யுங்கள்.

கடைசியாக, அந்தச் சகோதரியிடம் திரும்புகிறோம். முறையான கோப்பு ஒன்றும் இல்லாததால், அவர்களுடைய தாயைத் தேட எந்த அலுவலகத்திலும் வழியில்லை. இதை நாங்கள் அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லி, மன்னிப்பும் கேட்டோம். சற்று நேரம் அவர்கள் பேசவில்லை. பிறகு, "அம்மா என்னைப் பார்த்தார்களா, ஐயா? அது மட்டும் தெரியுமா?" என்று கேட்டார்கள்.

மறுபடியும் பதிவேட்டைத் திருப்பினோம். அடுத்த பக்கத்தில் குழந்தைகளின் ஆகாரக் குறிப்பு இருந்தது. அந்த எண்ணுக்கு நேரே நான்கு நாளும் நர்ஸின் கையெழுத்தில் "தாய்ப்பால்" என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்துக்கொண்டு அந்தச் சகோதரி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கத்தின் நகலை வாங்கிக்கொண்டு போனார்கள். இப்போதும் எப்போதாவது கடிதம் எழுதுகிறார்கள்.

எங்களிடம் இருந்து அவர்களுக்குக் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான். இனி இந்த ஆஸ்பத்திரியில் பிறக்கும் எந்தப் பிள்ளைக்கும் அப்படி ஒரு கோடு மட்டும் மிஞ்சக்கூடாது என்பதற்காகவே ஆலோசகர் சகோதரியின் சம்பளத்தையும், தாய்மார் தனித்துத் தங்கும் அறையின் செலவையும், பதிவேடுகளைப் பாதுகாக்கும் செலவையும் உங்கள் காணிக்கையிலிருந்து எடுக்கிறோம். கட்டடம்போல இவை கண்ணுக்குத் தெரியாது. கல்வெட்டு வைக்கவும் முடியாது. ஆனாலும் தொடர்ந்து தாங்குங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.

ஜெபக் குறிப்புகள்:

பிள்ளைக்காகக் காத்திருந்து சோர்ந்துபோன தம்பதிகளுக்காக.

இல்லங்களில் யாரும் கேட்காமல் வளரும் பெரிய பிள்ளைகளுக்காகவும், சுகவீனமுள்ள பிள்ளைகளுக்காகவும்.

பெற்ற பிள்ளையைப் பிரிந்து, ஒருவரிடமும் சொல்லமுடியாமல் இருக்கும் தாய்மாருக்காக.

தங்கள் வேரைத் தேடும் வளர்ந்த பிள்ளைகளுக்காக. அவர்களுக்கு உண்மையைச் சொல்லும் தைரியம் எங்களுக்கு வேண்டும் என்பதற்காக.

ஆண்டவர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.